ரஞ்சி வீட்டில் செய்த ஜெபம்

"பீடி சுத்துற வீட்டுப் பொண்ணு. எட்டுப் பிள்ளைகளைக் கடல் தாண்டிக் கூட்டிட்டுப் போவாளாக்கும்!" என்று எங்கள் ஊழியக் கமிட்டியின் பொருளாளர் சொன்னது, கதவுக்கு வெளியே நின்ற எனக்கு நன்றாகவே கேட்டது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். திருநெல்வேலியில் பி.ஏ., பிறகு உதவித்தொகையில் டொராண்டோவில் ஓராண்டு இறையியல். அந்த ஊரில் எந்த டிராம் எங்கே திரும்பும் என்று அந்த அறையில் வேறு யாருக்குத் தெரியும்? உள்ளே போய், "நான் கூட்டிட்டுப் போறேன் சார்" என்றேன்.

1976 ஏப்ரல் 3, சனி. பம்பாய், லண்டன் வழியாக டொராண்டோ வந்து இறங்கும்போது மாலை நான்கு மணி. குடிவரவு அதிகாரி ஒன்பது பாஸ்போர்ட்டுகளையும் பரப்பி வைத்து, வந்த நோக்கம் என்ன என்றார். கிறிஸ்தவ ஊழியம் என்றேன். "எங்களுக்கா?" என்று சிரித்தார். "அப்படியானால் என் மாமியாரிடமிருந்து தொடங்குங்கள்." சிரிக்கலாமா கூடாதா என்று எங்கள் சபை வாலிபப் பிள்ளைகள் எட்டுப் பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

வெளியே பனிக்காலம் முடிந்திருந்தது, வசந்தம் வந்திருக்கவில்லை. சாலையோரங்களில் புகைக்கரி படிந்த பனிக்கட்டிகள் குவிந்து கிடந்தன. புதிதாகக் கட்டிய உயரமான கோபுரத்தின் மேல்பாதியை மேகம் விழுங்கியிருந்தது. "இதைப் பாக்கவாக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றாள் ஜெயா. குழுவிலேயே மனமுருகி ஜெபிக்கக்கூடியவள் அவள்தான்.

பார்க்டேலில், நான் முன்பு பாடகர் குழுவில் இருந்த தேவாலயத்தின் நிலவறையில் தங்கினோம். காலையில் அங்கே ஏழைகளுக்குச் சூப் ஊற்றுவார்கள். கனடாவில் சாப்பாட்டுக்கு வரிசை நிற்பார்கள் என்று பிள்ளைகள் நினைத்தே பார்த்ததில்லை. ஊற்றினார்கள், தமிழில் பாடினார்கள். ஒரு கிழவர் கிண்ணத்தை வைத்துவிட்டு, "சூப்பில் உப்பில்லை, பாட்டு ஒரு வார்த்தை புரியவில்லை. நாளைக்கும் வருவேன்" என்று சொல்லிப் போனார். மூன்று நாளும் மழை.

ஏப்ரல் 6, செவ்வாய். குவீன் தெரு டிராமில் ரஞ்சி வீட்டுக்குப் போனோம். ஆளுக்கு ஐம்பது சென்ட், இருபது நிமிடம். ரஞ்சி யாழ்ப்பாணத்துக்காரி. படிக்கிற காலத்தில் அந்தப் பாடகர் குழுவில் எனக்குப் பக்கத்தில் நின்று பாடியவள். என்னை 'இந்தியாக்காரி' என்றுதான் கூப்பிடுவாள். ஒன்றே கால் வருடமாக அவளிடமிருந்து கடிதமில்லை. சோம்பேறி என்று நினைத்திருந்தேன். தொலைபேசியில், "ஓம், எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாரும்" என்று மட்டும் சொன்னாள்.

கதவைத் திறந்தவர் அவள் கணவர் நேசன். கோதுமை மாப் புட்டும் கோழிக் கறியும் வைத்தார்கள். ரஞ்சி இளைத்திருந்தாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஜெபிக்காமல் எழுந்து வரமாட்டோம். அந்த வீட்டில் என்ன குறையோ அதைச் சொல்லிக் கேட்பதுதான் மரியாதை. ஜெயா அறையைச் சுற்றிப் பார்த்தாள், கல்யாணப் படத்தைப் பார்த்தாள், முழங்கால் போட்டாள். "ஆண்டவரே, இந்த வீட்டிலே ஒரு மழலைச் சத்தம் கேட்கப் பண்ணும்" என்று தொடங்கி, கண்ணீரோடு முடித்தாள். ஆமென் என்றோம், நானும் உரக்க.

ரஞ்சி கையில் தேநீர்த் தட்டுடன் நின்றாள். "அவர் தந்தவர்தான். எட்டு நாள் வைச்சிருக்க விட்டுட்டுத் திருப்பி எடுத்துப்போட்டார். இனி எனக்காக அவரிட்டை ஒண்டும் கேக்க வேண்டாமெண்டு உந்தப் பிள்ளைக்குச் சொல்லும்."

தேநீரை யாரும் தொடவில்லை. நேசன் எங்கள் கோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார்.

டிராமில் ஜெயா அழுதாள். "நான் தப்பா ஒண்ணும் கேக்கலியேக்கா."

"இல்ல ஜெயா" என்றேன்.

அடுத்த மூன்று நாளும் தொலைபேசியில் நேசன்தான் பேசினார். "குளிக்கிறா." "நித்திரை கொள்ளுறா." மூன்றாம் நாள், "கொஞ்ச நாளைக்கு எடுக்காதேங்கோ, தங்கச்சி."

ஏப்ரல் 10, சனி. தனியாகப் போனேன். ரஞ்சி சங்கிலியைக் கழற்றாமல் கதவைத் திறந்தாள்.

"ஜெபிக்க வந்தனீரோ?"

"இல்ல. அன்னைக்கு ஊத்தின டீயைக் குடிக்கலை. குடிக்க வந்தேன்."

"அது ஆறிப்போச்சு, இந்தியாக்காரி" என்றாள். ஆனால் சங்கிலியைக் கழற்றினாள்.

போன வருடம் ஜனவரியில் பிறந்த பெண் குழந்தை. நிலம் உறைந்திருந்ததால் அப்போது கல்லறையில் பெயர்க்கல் பதிக்கவில்லை. பிறகு நேசன் மட்டும் போய்ப் பதித்துவிட்டு வந்தார். ரஞ்சி இதுவரை கல்லைப் பார்க்கவில்லை. "ஆரைக் கூப்பிட்டாலும் வேதப் புத்தகத்தோடை வெளிக்கிடினம். நாளைக்குக் காலமை போவமெண்டு நினைக்கிறன். வாய் திறக்காமல் வருவீரே?"

நாளை குருத்தோலை ஞாயிறு. நாங்கள் தங்கிய தேவாலயத்தின் காலை ஆராதனையில் நான்தான் பிரசங்கம். எங்கள் பயணத்தின் முக்கிய நிகழ்ச்சியே அது. கமிட்டி முழுவதும் உட்கார்ந்து கேட்பதற்காக அதைக் கேசட்டில் பதிந்து வரச் சொல்லியிருந்தார்கள். என் ஆங்கிலத்தை அவர்கள் கேட்கவேண்டும் என்று நானும் ஆறு வாரம் தயார் செய்திருந்தேன்.

"மத்தியானம் போகலாமா?" என்றேன்.

"மத்தியானமெண்டால் எனக்கு மனம் மாறிப்போம்."

"எத்தனை மணிக்கு?" என்றேன்.

பிரசங்கத்துக்கு நான் வரமுடியாது என்றதும் தேவாலயத்துப் போதகர் கோபப்படவில்லை, ஏமாற்றத்தோடு தலையசைத்தார். என் இடத்தில் நிற்கவேண்டிய ஜெயாதான் பதறினாள். "எனக்கு இங்கிலீஷ்ல நாக்கு வராதேக்கா!" "அப்ப தமிழ்லயே பாடுங்க" என்றேன்.

ஏப்ரல் 11. காலை ஒன்பதரைக்குப் பஸ், பிறகு சுரங்க ரயிலில் கிழக்குக் கோடியான வார்டன் நிலையம் வரை, அங்கிருந்து இன்னொரு பஸ். ஸ்கார்பரோவில் அந்தக் கல்லறைத் தோட்டம் சேறாகிக் கிடந்தது. தரையோடு தரையாகப் பதித்த சின்னக் கல். ஒரு பெயர், ஒரே ஒரு வருடம். ரஞ்சி குனிந்து, கையுறையைக் கழற்றிவிட்டு, எழுத்துகளுக்குள் இருந்த மண்ணை நகத்தால் எடுத்தாள்.

"பேரைச் சரியாப் போட்டிருக்கினம்" என்றாள்.

பிறந்ததிலிருந்து ஜெபித்துப் பழகிய வாய் எனக்கு. அதை மூடி வைத்திருக்கப் பல்லைக் கடிக்கவேண்டியிருந்தது. எங்கள் ஊரில் ஒரு சிசு இறந்தால் தெருவே வந்து உட்காரும். எட்டாம் நாள் அதே தெரு, அடுத்த பிள்ளைக்காக ஜெபிக்கத் தொடங்கிவிடும். இங்கே தெரு வரவில்லை. இரண்டில் எது பரவாயில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவள் கேட்டாள்: "ஆமென் சொல்லாமல் இருக்கக் கஷ்டமாய் இருந்ததோ?"

"ரொம்ப."

"முகத்திலை தெரிஞ்சுது." சிரிக்கப் போனாள், சிரிப்பு வரவில்லை. "மற்ற மாசமெல்லாம் போயிடும். ஜனவரிதான் ஏலாது. நேசன் வேலைக்குப் போயிடுவார். பகல் போகாது."

ஏப்ரல் 12, திங்கள். மாலை ஆறு மணிக்கு விமானம். வழியனுப்ப ரஞ்சி வரவில்லை. வருவாள் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. பிள்ளைகள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, காலையில், டொராண்டோவில் நான் படித்த இறையியல் கல்லூரிக்குப் போயிருந்தேன். பெண்கள் விடுதிக்கு உதவிக் காப்பாளர் ஒருவர் தேவை, செப்டம்பரிலிருந்து ஓராண்டு. ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுவிட்டேன். கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பகல் வேலை வேண்டாம், ஜனவரியில் பகல் எனக்கு வேண்டும், மாலை நேரம் கொடுங்கள் என்று. கொடுத்துவிட்டார்கள்.