ஒரு மழைக்கு ஏழு மாதம்

போன ஞாயிற்றுக்கிழமை தேவராஜ மார்க்கெட்டில் வாழைப்பழம் வாங்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் தோளைத் தொட்டது.

"நீங்கதானே அந்தப் பத்தி எழுதறது?"

இந்தக் கேள்வி வந்தால் என் முதுகு தானாக நிமிரும். நிமிர்ந்தது. பொதுப்பணித் துறையில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவராம். சேலத்துக்காரர், மைசூரிலேயே தங்கிவிட்டவர். ஒரு வாரம்கூட விடாமல் என்னைப் படிக்கிறாராம். முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது.

"ஒரு கம்ப்யூட்டர் கேம் பத்தி எழுதியிருந்தீங்களே... தீபாவளிக்கு வருதுன்னு. அது என்ன ஆச்சு?"

முதுகு பழைய நிலைக்கு வந்தது.

"தீபாவளின்னுதான் சார் எழுதினேன். எந்தத் தீபாவளின்னு எழுதலையே" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "அதை நம்பி நான் கம்ப்யூட்டரே வாங்கினேன். இப்ப அதுல எங்க வீட்டம்மா சீட்டு ஆடிட்டிருக்காங்க. நாலு வருஷமாச்சு. ஒரு பாலத்தையே நாங்க ரெண்டு வருஷத்துல கட்டி முடிச்சிருக்கோம். பொம்மை விளையாட்டுல அப்படி என்ன வேலை?"

நியாயமான கேள்வி. பழக்கடைக்காரர்கூட என் பதிலுக்காகக் காத்திருந்த மாதிரிதான் தெரிந்தது. "அது பெரிய கதை சார்" என்று சொல்லிவிட்டு நழுவினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் பழத்தை எடுத்துக்கொள்ளவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

இன்ஜினீயர் சார், அந்தப் பெரிய கதை இதுதான்.

நான் வங்கியில் வேலை பார்ப்பவன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். நாலரை வருடத்துக்கு முன்னால் ஒருநாள் என் கவுன்ட்டருக்கு ஒரு பெண் வந்தார். பெயர் வைதேகி. மேல்கோட்டைப் பக்கத்துக் குடும்பம். முப்பது வயதிருக்கும். ஒரு தொழிற்சாலையில் பார்த்துவந்த நிரந்தரமான கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்.

"சார், நீங்க எழுதறதை அம்மா உரக்கப் படிப்பா. நான் கேட்டுண்டே சமைப்பேன். எனக்குத் தமிழ் எழுத்து வராது. ஸ்கூல்லே கன்னடம்தான்."

தமிழ் படிக்கத் தெரியாத வாசகி! ஓர் எழுத்தாளனை மயக்க இதற்கு மேல் என்ன வேண்டும்?

அவர் செய்ய நினைத்தது ஒரு பெரிய கம்ப்யூட்டர் விளையாட்டு. சுட்டுத் தள்ளுகிற ரகம் இல்லை. ஆடுகிறவரே கதைக்குள் ஒரு பாத்திரமாகிவிடுவார். ஊர் ஊராகப் போகலாம். யாரோடும் பேசலாம், சண்டை போடலாம், ஏமாற்றலாம், ஏமாறலாம். ரோல் ப்ளேயிங் கேம் என்று பெயர். ஏரியைக் காவல் காக்கும் ஒரு பெண். அந்த ஏரித் தண்ணீர் இரவோடு இரவாகக் காணாமல் போகிறது. அதைத் தேடி அவள் கிளம்புகிறாள். நான் கதை, வசனம் எழுதித் தமிழில் படித்துச் சொல்ல வேண்டும். வைதேகி கேட்டு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து டைப் செய்துகொள்வார்.

"எத்தனை பேர் பேசணும்?"

"முப்பத்தஞ்சு பேர் சார்."

"பதினஞ்சு நாள் போதும்" என்றேன்.

எவ்வளவு நாள் ஆகும் என்று அவர் கேட்கவே இல்லை. நானாகத்தான் சொன்னேன்.

வைதேகியின் ஆபீஸ் மண்டி மொஹல்லாவில், ஒரு மிளகாய் மண்டிக்கு மேலே இருந்த ஒற்றை அறை. கீழே மூட்டை இறக்கினால் மேலே மூன்று பேரும் தும்முவோம். மூன்றாவது ஆள் மாதேவன். கொள்ளேகால்காரர். கடைகளுக்கு போர்டு எழுதிக்கொண்டிருந்தவரை வைதேகி கூட்டிவந்து கையில் மவுஸைக் கொடுத்துவிட்டார். புள்ளி புள்ளியாக வைத்து வரைவார். ஒரு வேப்பமரம் முடிய ஒரு வாரம்.

"மரத்துக்கு ஒரு வாரமா?" என்று கேட்டேன்.

"நெழலும் சேத்திங்க" என்றார்.

சொன்னபடி பதினைந்தாம் நாள் அறுபது பக்கத்தோடு போய் நின்றேன். படித்தேன். சிரிக்க வேண்டிய இடத்தில் இருவரும் சிரித்தார்கள். அந்தப் பெருமிதத்தில்தான் அன்றே உட்கார்ந்து தீபாவளி அறிவிப்பை இந்தப் பத்தியில் எழுதி அனுப்பிவிட்டேன். மறுநாள் சாயங்காலம் போனபோது வைதேகி கேட்டார்.

"நன்னாருக்கு சார். இது ஒரு வழி. மத்த வழியெல்லாம் எப்போ தரேள்?"

"எந்த மத்த வழி?"

"உங்க படகுக்காரன் அவளைப் பார்த்து, 'யாரம்மா நீ?'ன்னு கேக்கறான். சரி. ரெண்டாவது தடவை வந்தாலும் அதையேதான் கேப்பானா?"

"மாட்டான்."

"முதல்லேயே மலைக்குப் போயிட்டு வந்தா? அவன் தம்பி செத்துப் போனது அவளுக்குத் தெரிஞ்சிருந்தா? அவளேதான் கொன்னிருந்தா?"

"நல்ல பொண்ணு... ஏன் கொல்றா?"

"அது ஆடறவா இஷ்டம் சார். நம்ம இஷ்டம் இல்லே."

நான் இருபது வருடமாக எழுதுகிறேன். நான் சொன்ன வழியில் போக மாட்டேன் என்று என் வாசகர் யாரும் என்னிடம் சொன்னதில்லை. மிஞ்சிப்போனால் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். இங்கேயோ எல்லா வழியிலும் ஒருவர் வருவார், எல்லா வழியிலும் பதில் வைத்திருக்க வேண்டும்! அந்தப் படகுக்காரன் ஒருவனுக்கு மட்டும் நாற்பத்து மூன்று பதில் எழுதினேன். அவனுக்குப் பின்னால் முப்பத்து நாலு பேர் வரிசையில் நின்றார்கள்.

நான் சொன்ன தீபாவளி வந்தது, போனது. வீட்டில் பட்டாசுச் சத்தத்துக்கு நடுவே படகுக்காரனின் அத்தைக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒன்றரை வருடம் ஆனபோது விளையாட்டில் பாதி நடமாடத் தொடங்கியிருந்தது. ஒருநாள் திரையில் அந்த ஏரிக்கரையைக் காட்டினார்கள். பெண் நடந்தாள். ஆடுகள் மேய்ந்தன. மாதேவனின் வேப்பமரம் நிழலோடு நின்றது. அசந்துபோனேன். அந்த நேரத்தில்தான் என் வாய் என் அனுமதி இல்லாமல் திறந்தது.

"இங்கே ஒரு மழை பெஞ்சா எப்படி இருக்கும்?"

வைதேகி மாதேவனைப் பார்த்தார். மாதேவன் சுவரைப் பார்த்தார்.

"வேண்டாம் சார்" என்றார் வைதேகி.

நான் விடவில்லை. ஏரியைப் பற்றிய கதை, அதில் ஒரு தூறல்கூடக் கிடையாதா? யாராவது சிரிக்கமாட்டார்களா? கதாசிரியனின் உள்ளுணர்வு என்றெல்லாம் பேசினேன். ஒத்துக்கொள்ளாததால் கோபித்துக்கொண்டு இரண்டு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. ஆமாம், நாற்பத்தாறு வயதில். கடைசியில் வைதேகி வங்கிக்கே வந்து, "மழை வெச்சுக்கலாம் சார். நீங்க வாங்கோ" என்றார்.

என் நோட்டுப் புத்தகத்தில் 'மழை பெய்தது' என்பது இரண்டே வார்த்தை. கம்ப்யூட்டரில்? மழை பெய்தால் தரை ஈரமாக வேண்டும். ஆகவே மாதேவன் ஒவ்வொரு தெருவையும் ஈரமாக இன்னொரு முறை வரைந்தார். நனையும்போது ஆட்கள் சும்மா நிற்பார்களா? எல்லோருக்கும் தலையில் ஒரு சாக்கு. அடுப்பு அணைய வேண்டும். ஆடு கொட்டகைக்கு ஓட வேண்டும். மழையில் படகு போகாது. அதனால் படகுக்காரன் மண்டபத்தில் உட்கார்ந்திருப்பான். மண்டபத்தில் உட்கார்ந்தவன் என்ன பேசுவான்? மறுபடி நான்தான் எழுத வேண்டும்.

எல்லாம் முடிந்து முதல் மழையைப் பெய்யவிட்ட அன்று அது வீட்டுக்குள் பெய்தது. கோயில் கருவறைக்குள்ளும் பெய்தது. அதைச் சரிசெய்ததும் மழை நிற்கவே இல்லை. நிற்க வைத்தபோது கம்ப்யூட்டர் களைத்துப்போய், எங்கள் காவல்காரி இடுப்பளவு சேற்றில் நடப்பவள் மாதிரி நடந்தாள்.

ஏழு மாதம். என் ஒரு வாக்கியத்துக்கு ஏழு மாதம்.

அந்த ஏழு மாதத்தில்தான், சி.டி. போட்டு விற்றுத் தருவதாகச் சொல்லியிருந்த பெங்களூர்க்காரர் பின்வாங்கினார். "கெடு முடிந்துவிட்டது, இனி வேண்டாம்" என்று இரண்டு வரியில் கடிதம். வைதேகி அதைப் படித்துவிட்டு மடித்து விசைப்பலகைக்கு அடியில் வைத்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த மாதம் மாதேவன் வந்து, பெங்களூரில் ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னார். இரண்டாவது குழந்தை பிறந்திருந்தது. எத்தனை நாள்தான் வேப்பமரம் வரைவார்? படியிறங்கும்போது நான் கூடவே போனேன்.

"என்னாலதான் மாதேவன்" என்றேன்.

"அதெல்லாம் இல்லீங்க சார். மழை நல்லாத்தானுங்க இருக்குது" என்றார். நான் ஏதாவது சொல்வதற்குள் தும்மல் வந்துவிட்டது. கீழே மிளகாய் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

மேலே வந்து, ஒரு தியாகி மாதிரி வைதேகியிடம் சொன்னேன். "மழையை எடுத்துடுங்க. கதைக்கு அது இல்லாட்டாலும் பரவாயில்லை."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எடுக்கறதுக்கு நாலு மாசம் ஆகும் சார்."

அப்புறம், "அண்ணா அமெரிக்காவுக்கு வரச் சொல்லிண்டே இருக்கான். போயிடலாமான்னு இருக்கு" என்றார். குரலில் அழுகை இல்லை. களைப்புதான். அது இன்னும் மோசமாக இருந்தது.

நான் ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். படைப்பு, விடாமுயற்சி, எதிர்காலம்... மேடையில் பேசியிருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும். முழுதும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "பசிக்கறது சார். கீழே பேக்கரியிலே ரெண்டு பன் வாங்கிண்டு வரேளா?"

பன் வாங்கி வந்தேன். சாப்பிட்டுவிட்டு, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பாக்கியிருந்த கோளாறுகளை எல்லாம் எழுதிச் சுவரில் ஒட்டினார்.

"இந்த லிஸ்டை முடிச்சுட்டு அண்ணாகிட்டே போறேன்."

விளையாட்டை ஆடிப் பார்த்துக் கோளாறு கண்டுபிடிக்க ஓர் ஆள் வேண்டும். மாதேவன் இல்லை. மிச்சம் நான். அப்படித்தான் கதாசிரியர் பதவியிலிருந்து நான் சுவரில் முட்டும் பதவிக்கு இறங்கினேன். கேலி இல்லை, வேலையே அதுதான். ஒவ்வொரு வீட்டின் ஒவ்வொரு சுவரிலும் போய் முட்ட வேண்டும். சில சுவர் தடுக்கும். சில சுவர் வழிவிடும். வழிவிட்டால் கோளாறு. வங்கி முடிந்து தினமும் இரண்டு மணி நேரம் முட்டினேன். கிணற்றுக்குள் நடந்தேன். ஆட்டின்மேல் ஏறி நின்றேன். செத்துப்போன படகுக்காரன் எழுந்து உட்கார்ந்து, "சௌக்கியமா?" என்று கேட்டான். அது வைதேகியின் தப்பில்லை. முப்பத்தோராவது பதில், என் தப்பு.

காலண்டர் தாளில் வைதேகி ஒன்றை அடிப்பார். நான் மூன்றைச் சேர்ப்பேன். ஜனவரித் தாள் நிரம்பி ஆகஸ்ட் வரைக்கும் ஒட்டியாயிற்று. லிஸ்ட் முடிந்தால்தானே அமெரிக்கா? இந்த விளையாட்டுக்கு நான் செய்த ஒரே உருப்படியான உதவி, அதில் அத்தனை தப்புக் கண்டுபிடித்ததுதான் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதேவன் பெங்களூரிலிருந்து ரயிலில் வந்து இறங்கினார். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க" என்றார். மவுஸைப் பிடித்தவர் சாயங்கால ரயிலைத் தவறவிட்டார். அடுத்த ஞாயிறும் வந்தார். ஒரு வருடம் வந்தார்.

போன வெள்ளிக்கிழமை விளையாட்டு முடிந்தது. சத்தியமாக, இன்ஜினீயர் சார்! மார்க்கெட்டில் நீங்கள் கேட்டபோதே அது சி.டி.யாகி ஒரு கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்திருந்தது. என் வாய்க்கு இருக்கும் ராசியை எண்ணித்தான் சொல்லவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் வைதேகி, மாதேவன், நான் மூவரும் அறையில் இருந்தோம். மாதேவன் லீவு போட்டு வந்திருந்தார். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஒருவர் படியேறி வந்தார். பாலிடெக்னிக்கில் லெக்சரராம். சி.டி. அட்டையில் இருந்த முகவரியைப் பார்த்து வந்திருக்கிறார். சனிக்கிழமை காலையில் வாங்கினாராம். ஞாயிறு மத்தியானம் முடித்துவிட்டாராம்.

"முடிச்சுட்டீங்களா? எல்லாத்தையும்?" வைதேகி கன்னடத்தில் கேட்டார்.

ஆமாம் என்று அவர் தலையாட்டினார். நாலரை வருடம், ஒன்றரை நாள். மாதேவன் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மூணாவது ஊர்ல ஒரு ஆட்டுக்காரி வர்றாளே" என்றார் லெக்சரர். "அவ ஆட்டைக் கண்டுபிடிச்சுக் கொடுத்தேன். சும்மா ஒரு குறும்புக்கு, அதே ஆட்டைத் திருடிக்கிட்டுப் போய் மறுபடி அவகிட்டயே கொடுத்தேன். அதுக்கும் ஒரு பதில் சொன்னா பாருங்க... என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரெண்டு பேரும் ரொம்ப நேரம் சிரிச்சோம்."

வைதேகி என் பக்கம் திரும்பினார். அந்த வசனத்தை எழுதிய நாள் எனக்கு நினைவில்லை. இதற்கெல்லாம் எவன் போய் நிற்கப் போகிறான் என்று அலுத்துக்கொண்டே எழுதியிருப்பேன். ஒருவர் போய் நின்றிருக்கிறார். மூக்கைத் துடைத்துக்கொண்டேன். கீழே மிளகாய்கூட இறக்கவில்லை.

லெக்சரர் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டார். "அடுத்தது எப்போ வரும்?"

நான் வாயைத் திறந்தேன்.

"சார்" என்றார் வைதேகி. "நீங்க ஸ்வல்ப சும்மா இருங்கோ."

நாலரை வருடத்தில் அவர் எனக்குக் கொடுத்த வேலைகளிலேயே அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.