சொல்புத்தி

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்கு சி.ஐ.டி. அக்கா என்று பெயர். வைத்தவர் மேஸ்திரி. அவர் வாயில் விழுந்த யாரும் சொந்தப் பெயரோடு வெளியே வந்ததில்லை. அவளுடைய மகனுக்கு மந்திரி என்று வைத்திருந்தார். தலையில் அங்கங்கே நரை தட்டிவிட்ட ஆள்தான் மகன். நெற்றியைச் சுருக்கி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நாட்டையே தலையில் சுமப்பவன் மாதிரி நடப்பான். உள்ளுக்குள் பச்சைப் பிள்ளை. சட்டைப் பொத்தானை அம்மாதான் போட்டுவிட வேண்டும். தனியாக வெளியே விட்டால் தெருமுனையோடு அவனுக்குத் திசை முடிந்துபோகும்.

"என்ன மந்திரி, இன்னிக்கு அவசரக் கூட்டம் ஏதாவது உண்டா?" என்பார் மேஸ்திரி.

"உண்டு" என்பான் அவன், ரொம்பப் பொறுப்பாக.

கூடமே சிரிக்கும். அவனும் சிரிப்பான். எதற்கென்று தெரியாமலே சிரிப்பதால் அவன் சிரிப்புதான் கடைசியில் நிற்கும்.

சலவை முடிந்த பெட்ஷீட்டுகள் சூடான பெரிய உருளைக்குள் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் தகடு மாதிரி வெளியே வரும். அதை மடிக்க இரண்டு பேர் வேண்டும். இரண்டு முனை அவளிடம், இரண்டு முனை அவனிடம். இழு, உதறு, மடி, கிட்டே வா, முனையைக் கொடு. ஆஸ்பத்திரிக் கணக்கில் அவன் ஆளே இல்லை. மேஸ்திரி கண்டும் காணாமல் விட்டுவைத்திருந்தார். வாய் அப்படி இருந்தாலும் மனசு ஈரம்.

அந்த அக்காவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. சூட்டு வலி என்று கஷாயம் குடித்துக் குடித்தே நாளைக் கடத்தியிருந்தாள். அவள் மடித்த பெட்ஷீட்டின் மேலேயே அவளைப் படுக்கவைத்துப் பார்த்தார்கள். பெரிய டாக்டர் அவள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சொந்தக்காரங்க யாராவது இருந்தா வரச் சொல்லுங்கம்மா."

இத்தனை காலம் ஆஸ்பத்திரியில் இருந்தவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. சாவுக்கு அவள் பயப்படவுமில்லை. கூப்பிடுகிறவன் கூப்பிட்டால் போகவேண்டியதுதானே. மந்திரியை என்ன செய்வது? இப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்ற எல்லாத் தாயும் வேண்டுகிற ஒன்றை அவளும் அன்று வேண்டினாள். "ஆண்டவனே, எனக்கு ஒரு நாள் முன்னாடி அவனைக் கூப்பிட்டுக்கோ." வேண்டி முடித்ததும் வாயிலேயே அடித்துக்கொண்டாள். தூங்குகிற பிள்ளையின் தலையைத் தடவித் தடவி மன்னிப்புக் கேட்டாள்.

கூடப் பிறந்தவன் ஒரு தம்பி இருந்தான். போய்க் கேட்டாள். தம்பி பெண்டாட்டி உள்ளேயிருந்து பாத்திரத்தைச் சத்தமாக வைத்தாள். "பார்க்கலாங்க்கா" என்றான் தம்பி. அந்த வீட்டில் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தமென்று அவளுக்குத் தெரியும்.

பிறகுதான் அந்த இல்லத்தைப் பற்றிக் கேள்விப்பட்டாள். ஊருக்கு வெளியே, மரத்தடியில், நீளமான கட்டடம். இவனைப் போன்றவர்களைக் கடைசிவரை வைத்துப் பார்க்கிற இடம். மந்திரியைக் கூட்டிக்கொண்டு போனாள். யாரும் யாரையும் அதட்டவில்லை. நரைத்த பிள்ளைகள் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் ஓரம் ஒரு கட்டில் காலியாக இருந்தது. மந்திரி அதன் மேல் உட்கார்ந்து ஆடிப் பார்த்தான். காலடியில் கிடந்த பெட்ஷீட்டைக் கையில் எடுத்து, "அம்மா, தப்பா மடிச்சிருக்காங்க. அந்தப் பக்கம் புடி" என்றான். தாயும் பிள்ளையும் அங்கேயே நின்று அதைத் திருத்தி மடித்தார்கள். இல்லத்தை நடத்துகிற அம்மா வாசலில் நின்று பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"விட்டுட்டுப் போங்க, நான் பார்த்துக்கறேன். ஆனா ஒண்ணு. புத்தி குறைவுன்னு ஆஸ்பத்திரியில டெஸ்ட் எடுத்து சர்ட்டிபிகேட் கொண்டு வரணும். அது இல்லாம சேர்த்தா எங்களை மூடிடுவாங்க. சீக்கிரம் வாங்க, இந்தக் கட்டிலுக்கு நிறையப் பேர் கேக்கறாங்க."

சர்ட்டிபிகேட்தானே! வரும் வழியெல்லாம் அவளுக்கு வயிற்று வலிகூடத் தெரியவில்லை.

மேஸ்திரியிடம் சொன்னபோது அவரும் சந்தோஷப்பட்டார். "நம்ம மந்திரி ஃபெயிலாகறதுக்கு டியூஷனா வைக்கணும்? போய் வாங்க. வந்து எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுங்க."

டெஸ்ட் எடுக்கிற அறை அதே ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்தில், ஒரு நீண்ட நடையின் கோடியில் இருந்தது. டெஸ்ட் எடுக்கிற அம்மா வேலைக்குப் புதிது. மந்திரியைவிடச் சின்னப் பெண். வெளியே வரிசை வளைந்து நின்றது. "டெஸ்டுக்கு வெச்சிருந்த கட்டை, படம் எல்லாம் தொலைஞ்சு போயிருக்கு, வாய்க் கேள்வி மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு மந்திரியை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை. ஒரு கை அகலத்துக்குத் திறந்தே கிடந்தது.

தாய் வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்த பெஞ்சு அவளுக்குப் புதிதல்ல.

சி.ஐ.டி. என்ற பெயர் வந்ததே அங்கேதான். மந்திரி சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டேன் என்றார்கள். "புத்தி இருக்குன்னு டெஸ்ட் எடுத்துட்டு வா, சேர்த்துக்கறோம்." அன்றைக்கு அவளுக்கு இளரத்தம். என் பிள்ளையையா மக்கு என்கிறீர்கள் என்று வைராக்கியம். துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வேலை இருக்கிறதோ இல்லையோ இந்த நடைக்கே வந்து நிற்பாள். உள்ளே போன பிள்ளைகள் வெளியே வந்ததும் பிஸ்கட்டைக் கையில் கொடுத்து, "உள்ள என்னடா கண்ணு கேட்டாங்க? நீ என்ன சொன்னே?" என்று கறந்துவிடுவாள். ஒரு பிள்ளை ஒன்றைச் சொல்லும், இன்னொன்று இன்னொன்றைச் சொல்லும். பெரிய வீட்டுப் பிள்ளை ஒன்று சரியான பதில்களையே ஒப்பித்தது. இப்படித் துப்பறிந்து துப்பறிந்து மொத்தக் கேள்வியையும் சேர்த்துவிட்டாள். அப்போதுதான் மேஸ்திரி அந்தப் பெயரை வைத்தார்.

பிறகு உருளைக்கு முன்னால் நின்று சொல்லிக்கொடுத்தாள். ஒரு மடிப்புக்கு ஒரு கேள்வி. உருளைச் சத்தத்தில் கேட்க வேண்டுமே, இருவரும் கத்துவார்கள்.

"கதவுக்கும் ஜன்னலுக்கும் என்ன ஒத்துமை?"

"ரெண்டும் தொறந்து மூடும்!"

"கெட்டிக்காரன்!"

அந்தச் சொல் வந்தால்தான் அவன் முனையை விடுவான். அடுத்த பெட்ஷீட், அடுத்த கேள்வி. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். "தெரியாதுன்னு மட்டும் வாயில வரக்கூடாது, ராசா. எது வேணும்னாலும் சொல்லு. தெரியாதுன்னு சொல்லிடாதே." ஒரே ஒரு முறை அந்தச் சொல்லுக்காக அவனை அடித்தும் விட்டாள். அதற்குப் பிறகு அது அவன் நாக்கில் வந்ததே இல்லை.

டெஸ்டில் தேறினான். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தான். பின் பெஞ்சில் அடி வாங்கினான், பென்சில் பறிகொடுத்தான், நனைந்த டவுசரோடு வீட்டுக்கு வந்தான். கொஞ்ச நாளில் அவளே கையைப் பிடித்துக் கூட்டிவந்துவிட்டாள். ஆனால் கேள்வியும் பதிலும் நிற்கவில்லை. வேறு என்ன பேச்சு இருக்கிறது அவர்களுக்குள்? சிலர் வேலை செய்துகொண்டே பாடுவார்கள் இல்லையா, அதுபோல அவர்களுக்கு அது.

இதையெல்லாம் அசைபோட்டபடி அவள் உட்கார்ந்திருந்தபோது கதவு இடுக்கு வழியாக அந்தப் பெண்ணின் குரல் வந்தது. "சரி, இப்ப சொல்லுங்க. கதவுக்கும் ஜன்னலுக்கும் என்ன ஒற்றுமை?"

"ரெண்டும் தொறந்து மூடும்!" நடையே அதிரக் கத்தினான் மந்திரி.

கெட்டிக்காரன் என்று அவள் உதடு தானாக முணுமுணுத்தது. முணுமுணுத்த பிறகுதான் உறைத்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் மாறினார், கட்டில் மாறியது, உருளைகூட மாறியது. அந்தக் கேள்விப் புத்தகம் மாறவில்லை.

"வழியில யாரோ தவறவிட்ட சாவி கெடந்தா என்ன பண்ணுவீங்க?"

"யாரோடதுன்னு கேட்டுக் குடுப்பேன்!"

"நான் சொல்ற நம்பரைத் தலைகீழா சொல்லுங்க. ஏழு, ரெண்டு, ஒம்போது."

"ஒம்போது, ரெண்டு, ஏழு!"

அவள் எழுந்து கதவுப்பக்கம் ஓடினாள். வாசலில் இருந்த ஆள் கையை நீட்டி மறித்தான். "உள்ள போகக் கூடாதும்மா. சொல்லிக்குடுக்கறதுக்குத்தானே? எல்லா அம்மாவும் இதையேதான் பண்றீங்க."

"சொல்லிக்குடுக்க இல்லப்பா…"

"வீட்டுல புகை வந்தா என்ன பண்ணுவீங்க?"

"சத்தம் போட்டுப் பக்கத்து வீட்டுக்காரங்களைக் கூப்பிடுவேன்!"

கெட்டிக்காரன் என்ற சொல் வராததால் உள்ளே அவன் ஒவ்வொரு பதிலையும் இரண்டு தரம் சொன்னான். வெளியே அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாவி, ஒன்றையாவது மறக்கக் கூடாதா? ஒன்றுகூட மறக்கவில்லை. பெற்றவள் ஊட்டியதை ஒரு பருக்கை சிந்தாமல் வைத்திருந்தான்.

கதவு திறந்தது. அந்தப் பெண் சிரித்த முகமாக இருந்தாள். நல்ல சேதி சொல்கிறோம் என்ற நினைப்பு.

"பயப்படாதீங்கம்மா. கொஞ்சம் மெதுவான ஆள், அவ்வளவுதான். மார்க்குல எல்லைக்கு மேலதான் வந்திருக்கார். குறைவுன்னு எழுத முடியாது."

"அம்மா தாயே, அது அவன் புத்தி இல்லம்மா. நான் சொல்லிக்குடுத்தது. சின்ன வயசுல இங்கயே நின்னு எல்லாக் கேள்வியையும் திருடினேன். அவனுக்கு இருக்கறது வெறும் சொல்புத்தி. சுயபுத்தி கொஞ்சம்கூடக் கெடையாது. பொத்தான் போடத் தெரியாதும்மா அவனுக்கு!"

"இத்தனை வருஷம் முன்னாடி சொல்லிக்குடுத்ததை ஞாபகம் வெச்சிருந்தா, அதுக்கும் புத்தி வேணுமில்லையா?" என்றாள் அந்தப் பெண். கெட்ட பெண் இல்லை. மத்தியானம் சாப்பிடக்கூட எழுந்திருக்காதவள். "பள்ளிக்கூடத்துக்கு வந்தா புத்தி இருக்குன்னு எழுதச் சொல்றீங்க, இல்லத்துக்கு வந்தா இல்லைன்னு எழுதச் சொல்றீங்க. நான் யாரை நம்பறது?"

"அப்ப புத்தகத்துல இல்லாத கேள்வி ஒண்ணு கேளுங்க. ஒண்ணே ஒண்ணு."

அந்தப் பெண் யோசித்தாள். என்ன கேட்பதென்று அவளுக்குத் தோன்றவில்லை. அம்மாவே கேட்டாள். கேட்கவே கூடாது என்று இத்தனை மாதம் அடக்கி வைத்திருந்ததை, மகனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ராசா, ஒரு நாள் காலையில அம்மா எழுந்திருக்கல. நீ கூப்பிட்டும் எழுந்திருக்கல. நீ என்ன பண்ணுவே?"

மந்திரி நெற்றியைச் சுருக்கினான். இது அவனிடம் இல்லாத கேள்வி. கண் அலைந்தது. தெரியாது என்று சொல்லடா என்று அவள் உயிர் உள்ளே கதறியது. அவன் உதடு ஒருமுறை திறந்து மூடியது. பிறகு, தெரியாதபோதெல்லாம் செய்வதுபோல், கைக்கு எட்டிய பதில் ஒன்றை எடுத்தான்.

"சத்தம் போட்டு… பக்கத்து வீட்டுக்காரங்களைக் கூப்பிடுவேன்!"

அந்தப் பெண் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தாள். "பார்த்தீங்களா? நானா இருந்தாலும் இதைத்தானே பண்ணுவேன்? இதுவும் நீங்க சொல்லிக்குடுத்ததா?"

ஆமாம் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். புகைக்குச் சொல்லிக்கொடுத்ததை அவன் எடுத்துச் சாவுக்கு வைத்துவிட்டான் என்பதை எந்த வார்த்தையில் சொல்வது? சொன்னால்தான் யார் நம்புவது?

"மறுபடி எப்பம்மா எடுக்கலாம்?"

"அடுத்த வருஷம் வாங்க."

அவள் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

இல்லத்து அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். மேலிடத்துக்கு எழுதிப் பார்த்தார். சட்டம் சட்டம்தான் என்று பதில் வந்தது. ஜன்னல் ஓரக் கட்டிலுக்கு வேறொருவன் வந்துவிட்டான். கடைசி நம்பிக்கையாகத் தம்பி வீட்டுக்குப் போனாள். டெஸ்ட் முடிவு எழுதியிருந்த தாளைத் தம்பி வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தான். தம்பி பெண்டாட்டி இந்த முறை வாசலுக்கே வந்தாள். "அதான் பெரிய ஆஸ்பத்திரியிலேயே புத்தி இருக்குன்னு எழுதிட்டாங்களே அண்ணி, பொழைச்சுக்குவான். நீங்கதான் வீணா மனசைப் போட்டுக் குழப்பிக்கறீங்க." தம்பி தாளை மடித்து அக்கா கையில் கொடுத்தான். அவன் அக்கா முகத்தைப் பார்க்கவில்லை. இவனும் ஜன்னலைத்தான் பார்த்தான்.

அடுத்த நாள் வேலைக்கு வந்தாள். மேஸ்திரி ஒரு வார்த்தை கிண்டல் பேசவில்லை. யாராவது உட்கார்ந்தால் வழக்கமாக அவரே முறைக்கும் சின்ன ஸ்டூலைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் போட்டுவிட்டுப் போனார்.

உருளையிலிருந்து பெட்ஷீட் வந்தது. தாயும் பிள்ளையும் ஆளுக்கு இரண்டு முனை பிடித்தார்கள். ஒரு வருஷம் ஆண்டவன் தருவானோ மாட்டானோ, தந்தால் வீணாகக் கூடாதென்று அவள் நினைத்தாள்.

"ராசா, இன்னிக்குப் புதுப் பாடம். அம்மா கேள்வி கேப்பேன். நீ தெரியாதுன்னு சொல்லணும். என்ன சொல்லணும்?"

அவன் முகம் வாடிவிட்டது. ஒரு கையிலிருந்த முனையை விட்டுவிட்டு, எப்போதோ அடி விழுந்த கன்னத்தை மூடிக்கொண்டான்.

"அடிக்க மாட்டேன்டா. என் தங்கமே, சொன்னா அடிக்க மாட்டேன். கதவுக்கும் ஜன்னலுக்கும் என்ன ஒத்துமை? தெரியாது. சொல்லு."

அவன் அம்மாவின் கண்ணில் தண்ணீரைப் பார்த்தான். அம்மா அழுதால் என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்கு ஒன்றுதான் தெரியும். விட்ட முனையைக் குனிந்து எடுத்தான். நன்றாக இழுத்துப் பிடித்தான். உருளைச் சத்தத்துக்கு மேலே, எல்லாவற்றையும் சரிசெய்துவிடுகிறவன் மாதிரி கத்தினான்.

"ரெண்டும் தொறந்து மூடும்!"

சொல்லிவிட்டுக் கிட்டே வந்து நின்றான். முனையை விடவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தான். பின்னால் உருளையிலிருந்து பெட்ஷீட்டுகள் வந்து குவிந்துகொண்டே இருந்தன.

"கெட்டிக்காரன்" என்றாள் அவள்.

அவன் முனையைக் கொடுத்தான்.