பாதையை மாற்றிய கட்டளை

அந்தப் பிழையைச் செய்தவன் நான்தான். லெட்சுமி அல்ல. கணினியும் அல்ல. நான்!

எண்பதுகளின் கடைசியில், கோல சிலாங்கூரில் ஒரு தோட்ட நிறுவனத்தின் வட்டார அலுவலகத்தில் கணினியைக் கவனித்துக்கொண்டிருந்தேன். ஜெராம் பக்கத்துத் தோட்டமொன்றின் தொழிலாளர்களுடைய மருத்துவக் குறிப்புகள் அதில் இருந்தன. ஆளுக்கொரு கோப்பு; வரிசை வீடுகளான லயம் ஒவ்வொன்றுக்கும் ஓர் அடைவு, அதாவது கோப்புகளின் தொகுப்பு. அவற்றைத் தட்டச்சு செய்தவள் லெட்சுமி. அவளும் அவள் அம்மாவும் அதே தோட்டத்தில், இருபத்தோராம் லயத்தில் வசித்தார்கள்.

முதல் லயத்தை இடித்து, அங்கிருந்தவர்களைப் புது வீடுகளுக்கு மாற்றினார்கள். அவர்களுடைய கோப்புகளையும் புது அடைவுக்கு நகர்த்தினேன். பெயர்ப்பட்டியலில் ஒவ்வொருவருக்கும் நேரே கோப்பின் பாதை இருக்கும். அதிலும் பழைய அடைவின் பெயரை மாற்ற வேண்டும். நூற்றுக்கணக்கான வரிகள். எனக்கு ஒரே கட்டளை போதும் என்ற மிதப்பு...

முதல் லயத்தின் அடைவு ‘L.1’. இருபத்தொன்றுக்கு ‘L21’. நான் தேடச் சொன்னது ‘L.1’. ஆனால் அந்தக் கட்டளையில் புள்ளி என்றால் ‘எந்த எழுத்தானாலும் சரி’ என்று பொருள்! முன்னால் ஒரு சாய்கோடு போட்டால்தான் அது வெறும் புள்ளி. எனக்குத் தெரியாதா? தெரியும். அவசரத்தில் போடவில்லை. பதினோராம், இருபத்தோராம் லயத்துப் பாதைகளும் புது அடைவுக்குத் திரும்பிவிட்டன. எல்லா லயத்திலும் கோப்புகளின் எண் ஒன்றிலிருந்தே தொடங்கியதால் கணினியும் எதையும் ஆட்சேபிக்கவில்லை.

மாதாந்திரப் பட்டியல் அச்சாகித் தோட்டத்து மருந்தகத்துக்குப் போனது. லெட்சுமியின் அம்மா பெயருக்கு நேரே வேறு யாருடைய குறிப்போ இருந்தது. ‘பெனிசிலின் ஆகாது’ என்ற வரி இல்லை.

அந்த வாரமே, கால் புண் சீழ்பிடித்து, காய்ச்சலில் பிதற்றிய அவள் அம்மாவை மருந்தகத்துக்குத் தூக்கி வந்தார்கள். அதை நடத்திய டிரஸர் பட்டியலைப் பார்த்துவிட்டு ஊசியில் மருந்தை ஏற்றினார். பிறகு ஏனோ நிறுத்தி, கூட வந்த மகளிடம் கேட்டார்.

“ஏம்மா, அம்மாவுக்கு பெனிசிலின் ஒத்துக்கும்தானே?”

“ஐயோ, வேணாங்க! லிஸ்ட்லயே போட்டிருக்குமே!”

“லிஸ்ட்ல ஒன்னும் இல்லயேம்மா...”

அந்த மனிதருக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்! காகிதத்தை மட்டும் நம்பியிருந்தால்...? பின்னொரு நாள் பேருந்து நிலையத்தில் அவரைக் கண்டு, இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டேன். “கேக்குறது என் வேல லா தம்பி, இதுக்குப் போயி...” என்று சிரித்தார். அவரிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

மருந்தகத்தில் அது நடந்த மறுநாள் லெட்சுமி அழுதுகொண்டே வந்தாள்.

“நான்தான் தப்பா தட்டிட்டேண்ணே. பெத்த அம்மாவுக்கே...”

கேட்டதுமே அந்தப் புள்ளி நினைவுக்கு வந்தது. அப்போதாவது வாய் திறந்தேனா? “பாக்குறேன்மா” என்றேன். பழைய பட்டியலின் பிரதியை எடுத்து, சாய்கோட்டைச் சேர்த்து மீண்டும் ஓட்டினேன். திருத்திய பட்டியலை அவளிடம் கொடுத்தேன். “நீங்க நல்லா இருக்கணும்ணே” என்று கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்குக் கும்பிடு!

அடுத்த வாரம் அவளே மேனேஜரிடம் போய்க் கோப்பு அடுக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். “என் கைய எனக்கே நம்ப முடியலண்ணே” என்றாள். அதன்பின் அவள் விசைப்பலகையைத் தொடவேயில்லை.

அவள் அம்மா தேறி, பேரன் பேத்தி கண்டார். அதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைந்து, கண் கலங்குகிறது. தீபாவளிக்குத் தீபாவளி லெட்சுமி என் வீட்டுக்கு வருகிறாள், அம்மாவைக் காப்பாற்றியவர்களில் நானும் ஒருவன் என்று நம்பிக்கொண்டு...

அவள் தட்டியதில் ஓர் எழுத்துகூடப் பிழையில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.