ஏழாவது படி

ஒயரிங் வேலைக்குப் போன முதல் நாள் டீச்சர் என்னிடம் நீட்டியது ஒரு கிராஃப் தாள். "ஒரு கட்டம் ஒரு அடி, தம்பி" என்றார். அரியலூரை ஒட்டிச் சரிவான மனையில் கட்டிய வீடு; அதனால் வீட்டுக்கடியில் ஓர் அறை கிடைத்திருந்தது. அதை ஹோம் தியேட்டராக்க வேண்டும். திரை எந்தச் சுவரில், ஐந்து ஸ்பீக்கர்கள் எங்கெங்கே, புரொஜெக்டர் எவ்வளவு உயரத்தில் என்று எல்லாம் பென்சிலில் இருந்தது. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலி மட்டும் இரண்டே இரண்டு வரைந்திருந்தார்.

இரண்டாவது நாற்காலி அவருடைய மகனுக்கு. ஏறக்குறைய என் வயதுதான். பேச்சு வராது. படம் என்றால் உயிர். பிடித்த காட்சி வந்தால் கைதட்டிக் கத்துவார். ஒருமுறை டவுன் தியேட்டரில் பாதிப் படத்திலேயே அவரை வெளியே கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். "அவனுக்கு என்னா புரிஞ்சுதோ, வூடு வர்ற வரைக்கும் என் கைய வுடவே இல்ல" என்று டீச்சர் சொன்னார்.

அந்த வேலை நான்கு மாதம் இழுத்தது. வேப்பந்தட்டையிலிருந்து பெரம்பலூர் வழியாக வண்டியில் போய்வந்தேன். பூச்சுக்கு முன்பே சுவரில் பள்ளமாகக் காடி வெட்டி, ஒயருக்குக் குழாய் பதித்தேன். கரண்ட் ஒயர் பக்கத்தில் போனால் ஸ்பீக்கர் இரையும் என்று ஸ்பீக்கர் ஒயருக்குத் தனிப் பாதை போட்டேன். கரண்ட் போனாலும் இருட்டாகிவிடக் கூடாது என்றார் டீச்சர். இன்வெர்ட்டர் வைத்து, அறைக்கு இறங்கும் பதினான்கு படிக்கும் சின்ன விளக்கு போட்டேன்.

முதல் படம் போட்ட அன்று மகன் இறங்கவில்லை. மேல்படியில் நின்று காதைப் பொத்திக்கொண்டார். டீச்சர் கீழே தனியாக உட்கார்ந்து கால் மணி நேரம் பார்த்துவிட்டு, "நிப்பாட்டுப்பா" என்றார்.

அதன்பிறகு போன் வந்துகொண்டே இருந்தது. இடப்பக்கம் சத்தம் வரவில்லை, படம் நடுங்குகிறது, ஏதோ இரைகிறது. ஒவ்வொரு முறையும் போனேன். எல்லாம் சரியாகவே இருக்கும். மற்ற வேலைகள் கெட்டன, இடுப்பு விட்டுப்போனது. இரண்டு வாரம் அவர் போனை எடுக்காமல்கூட இருந்தேன். அது இன்றும் உறுத்துகிறது.

கடைசியில் ஒருநாள் போய், நின்றபடியே சொன்னேன்: "டீச்சர், ஒயரிங்ல ஒரு கோளாறும் இல்லைங்க."

"தெரியும் தம்பி" என்றார். "நீ வந்து வேலை செஞ்சா அவன் வேடிக்கை பாக்க எறங்குறான். போன தடவ ஏழு படி எறங்கிட்டான். நா தனியா கூப்புட்டா ஒரு படி வர மாட்டேங்குறான்."

திரும்பிப் பார்த்தேன். மகன் ஏழாவது படியில் உட்கார்ந்து என் டெஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். படி பக்கச்சுவரை ஒட்டி இறங்குகிறது. அங்கிருந்து திரை தெரியாது, எதிர்ச்சுவர்தான் தெரியும்.

முடித்த சுவரை உடைப்பது எனக்கு எப்போதுமே பிடிக்காது. பெயிண்ட் அடித்த சுவர், பொறுக்கிப் பொறுக்கிப் போட்ட ஒயர். அன்று மிகவும் சோர்ந்துமிருந்தேன். இருந்தும், "திரைய அந்த எதிர்ச்சுவத்துக்கு மாத்திரலாங்களா?" என்று கேட்டேன். டீச்சர் தாளை எடுக்கவில்லை, கணக்கும் போடவில்லை. "மாத்து" என்றார்.

மூன்று நாள் உளி பிடித்தேன். சத்தத்துக்கு மகன் எழுந்து ஓடுவார் என்று நினைத்தேன், ஓடவில்லை. ஏழாவது படியிலேயே தூசு படிய உட்கார்ந்திருந்தார்.

நான்காம் நாள் மத்தியானம் சத்தத்தைக் குறைத்துப் படம் போட்டேன். டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்துப் படிக்குக் கீழே போட்டுக்கொண்டார். மகன் காதைப் பொத்தவில்லை. கன்னத்தில் கைவைத்துப் பார்த்தார். ஒரு சண்டைக் காட்சியில் கைதட்டிப் பெரிதாகக் கத்தினார். டீச்சர் அசையவில்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். தலை ஒரு பக்கம் சாய, வாய் லேசாகத் திறந்திருக்க, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

இன்னொரு வீட்டில் எனக்காகக் காத்திருந்தார்கள். போனை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். படம் முடியும்வரை டீச்சரை நான் எழுப்பவில்லை.