பிதுங்கிய பை

ஓட்டல் சலவைக்கூடத்தில் துணி தேய்க்கிறவளுக்குக் கையில் சூடு படுவது பழகிப்போயிற்று, வயிற்றெரிச்சல்தான் பழகவில்லை. கணவன் லாரி ஓட்டுகிறவன். வந்தால் வருவான், வராவிட்டால் போனில் கொட்டாவி விடுவான். அதே கூடத்தில் பொத்தான் தைக்கும் விதவையிடம் அவன் போகிறான் என்று இவளுக்குச் சந்தேகம். கண்ணால் கண்டதில்லை. அதனாலேயே இன்னும் எரிந்தது.

இரண்டு பெண்களும் மருத்துவமனையின் களிம்பு ஆராய்ச்சியில் சேர்ந்திருந்தார்கள். உறவுக்கு முன் பெண் உள்ளே செலுத்திக்கொள்ளும் களிம்பு, விந்தணுவைக் கொல்லும். எய்ட்ஸ் வைரஸையும் தடுக்குமா என்பதுதான் சோதனை.

"தடுக்கும்னு நான் சொல்லமாட்டேன். தெரியாமத்தான் பாத்துக்கிட்டிருக்கோம். அதுவரைக்கும் ஆணுறையை விட்டுடாதீங்கம்மா," என்று நர்ஸ் ஒவ்வொரு முறையும் சொல்வாள். களிம்பு ஒரு முறைக்கு ஒரு குழல்; காலிக் குழல்களை ஒரு பையில் போட்டுத் திருப்பித் தர வேண்டும்.

வம்பு அந்தப் பையில்தான். உள்ளே எத்தனை குழல், அதாவது எத்தனை இரவு, என்பது வெளியே பளிச்சென்று தெரியும். வரிசையில் பொத்தான்காரியின் மடியில் அது பிதுங்கிக்கொண்டிருந்தது. இவளுடையது பட்டினி கிடந்த வயிறு.

"என்னக்கா, வீட்டுக்காரர் ஊர்ல இல்லையா?" என்றாள் பொத்தான்காரி.

"லாரிக்கு லோடு அதிகம். உனக்கும் லோடு கொறையலபோல!"

அடுத்த முறை போகுமுன், மிச்சமிருந்த குழல்களையெல்லாம் இவள் தொட்டியில் பிதுக்கி ஊற்றினாள். பை கொழுத்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு மகாராணி மாதிரி உட்கார்ந்தாள்.

பொத்தான்காரியின் முகம் சுருங்கியது. "வீட்டுப் பக்கமே போறதில்லைன்னு சொன்னாரே..." என்று வாய் தவறி வந்துவிட்டது.

ஜெயித்தாயிற்று. ஜெயித்ததில் சந்தேகம் நிஜமாயிற்று.

நர்ஸ் கூப்பிட்டதும் இவள் பையை மேசைமேல் போட்டாள். "இதைக் கணக்குல சேக்காதீங்கம்மா. தொட்டியில ஊத்தினது."

நர்ஸ் நன்றாகத் திட்டினாள். பிறகு ஆணுறைப் பெட்டி ஒன்றை நீட்டினாள். "இன்னொண்ணு குடுங்க," என்று இவள் கேட்டு வாங்கி, வெளியே வந்து பொத்தான்காரியின் மடியில் எறிந்தாள். "புடி. அந்த ஆளு எங்கெல்லாம் போய்ட்டு வர்றானோ, யாரு கண்டா?"

மாலையில் கணவன் வந்து, குளித்து, இளித்தான். இவள் பெட்டியை அவன்முன் வைத்தாள்.

"என்னடி, சந்தேகப்படுறியா?"

"சந்தேகமெல்லாம் காலையிலயே தீந்துபோச்சு."

அவன் விருட்டென்று செருப்பை மாட்டினான்.

"போங்க போங்க," என்றாள். "அங்கயும் இதே பெட்டிதான் இருக்கு."