கம்ப்யூட்டருக்காக ஒரு மொட்டை

போன வாரம் திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரி. ஸ்கேன் அறைக்கு வெளியே நானும் முனிரத்தினமும். விஜயபுரம் பக்கம் வேர்க்கடலை பயிர் செய்கிறவன் அவன். வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும் — ஊர் சுற்றிக் களைத்தால் நான் போய் விழுவது அவன் வீட்டில்தான். மூன்று மாதமாக அவனுக்குத் தலைவலி. மூளையில் கட்டி என்று சொல்லிவிட்டார்கள்.

கட்டியில் நாலு கிரேடு உண்டாம். முதல் கிரேடு என்றால் மெதுவாக வளர்வது, பிழைத்துக்கொள்ளலாம். நாலாவது என்றால்... நாங்கள் அதைப் பேசவில்லை. முதல் கிரேடாக இருந்தால் திருமலையில் முடி கொடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தான்.

ஸ்கேன் படத்தை முதலில் கம்ப்யூட்டர் பார்க்குமாம். பிறகுதான் டாக்டர். ஆயிரக்கணக்கான மூளைப் படங்களைக் காட்டிப் பழக்கியிருக்கிறார்கள். பார்த்துப் பார்த்தே கிரேடு சொல்லக் கற்றுக்கொண்டதாம். டீப் லேர்னிங் என்று அதற்குப் பெயராம். எனக்கு அதைப் பிடித்துவிட்டது. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பஸ் ஸ்டாண்டுகளில் படுத்துப் படுத்து, எந்தப் போலீஸ்காரர் எழுப்புவார், எவர் விட்டுவிடுவார் என்று நடையைப் பார்த்தே சொல்லுவேன். அதுவும் டீப் லேர்னிங்தானே?

அது இருக்கட்டும். ஸ்கேனுக்கு முனிரத்தினம் வந்த கோலம் — பளபளவென்று மொட்டை! முதல் நாளே ஊர் சலூனில் வழித்துவிட்டானாம்.

"முடி மறைச்சிக்கினு இருந்தா கம்ப்யூட்டருக்கு உள்ள எப்டிண்ணா தெரியும்?"

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். மண்டையோட்டையே தாண்டிப் பார்க்கிற மெஷினுக்கு முடி எம்மாத்திரம் என்று தெலுங்கில் சொன்னார்.

இரண்டு நாளில் ரிசல்ட். முதல் கிரேடு! கம்ப்யூட்டர் சொன்னதையே டாக்டரம்மாவும் படத்தைப் பார்த்துச் சொன்னார். ஆபரேஷனில் எடுத்துப் பரிசோதித்து உறுதி செய்துகொள்ளலாம், பயம் வேண்டாம் என்றார். நான் அழுதேவிட்டேன். முனிரத்தினமோ தலையில் கை வைத்தான். கை வழுக்கியது.

"சாமிக்கு இப்ப இன்னாத்தண்ணா குடுக்கறது?"

முளைக்கட்டும், அப்புறம் கொடு என்றேன். ஆபரேஷனுக்கு முன்னால் வேண்டுதலை முடித்தாக வேண்டுமாம். சொல்லிக்கொண்டே என் தலையைப் பார்த்தான். பத்து வருடமாகக் கத்தரி படாமல் தோள்வரை தொங்கும் முடி. எனக்கிருந்த ஒரே சொத்து.

வேண்டிக்கொண்டது நீ, நான் இல்லை என்றேன்.

"பத்து வருசமா என் வூட்டு சோத்த துன்னுதான வளந்துது? அப்ப அது யார் முடி?"

ஏழாவதோடு நின்றவனிடம் இப்படியெல்லாம் கேட்டால்?

இதை எழுதும்போது ஃபேன் காற்று நேராக மண்டையில் படுகிறது. எத்தனை ஆயிரம் தலை பார்த்தாலும் கம்ப்யூட்டர் ஆளை மாற்றிச் சொல்லாது. அதைவிட அதிகத் தலைகளைப் பார்த்த ஏழுமலையான்... இந்த ஒரு தடவை மட்டும் கொஞ்சம் குழம்பினால் போதும்.