வெறும் வயிற்றோடு போன வண்டி

உதியன்குளங்கரைக்குப் பக்கத்தில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள் ஜெயபாய். வயது ஐம்பத்திரண்டு. சபையில் பெண்கள் ஐக்கியத்தின் செயலாளரும் அவள்தான். ஆரன் அடிப்பதிலும் ஜெபத்துக்கு ஆள் கூட்டுவதிலும் பாறசாலை வட்டாரத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. இது வெறும் புகழ்ச்சியில்லை, அந்த ரோட்டில் காது உள்ள யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அவளுடைய வண்டியில் எல்.கே.ஜி.யிலிருந்து ஏறிவருகிற பையன் அஸ்வந்த். இப்போது பத்தாம் வகுப்பு. ஒரு வருஷமாக அவனுக்கு வலது மூக்கு அடைத்தே கிடந்தது. நினைத்தால் ரத்தம் ஒழுகும். உடம்புச் சூடு என்று வீட்டில் இளநீராகக் கொடுத்துத் தள்ளினார்கள். ஒரு நாள் காலை வண்டிக்குள்ளேயே சட்டை நனைகிற அளவுக்குக் கொட்டிவிட்டது. ஜெயபாய் மற்றப் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, ஒரு கையால் துண்டை அவன் மூக்கில் அழுத்தியபடி காரக்கோணம் ஆஸ்பத்திரிக்கு விட்டாள். அங்கே ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய டாக்டருக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த டாக்டர் அஸ்வந்தின் அம்மா ரெஜிலாவிடம் பொறுமையாக விளக்கினார். மூக்குக்குப் பின்னால் ரத்தக் குழாய்கள் நிறைந்த ஒரு கட்டி. வளர்கிற வயதுப் பையன்களுக்கு அபூர்வமாக வருவது. புற்றுநோய் இல்லை. முகத்தில் கத்தி படாமல் மூக்குத் துளை வழியாகவே கேமரா விட்டு எடுத்துவிடலாம். ஆனால் தொட்டால் ரத்தம் நிற்காது. அதனால் புதன்கிழமை கட்டிக்கு ரத்தம் போகிற குழாயை அடைத்துவிட்டு, வியாழக்கிழமை ஆபரேஷன். நாலு யூனிட் ரத்தம் தயாராக இருக்கவேண்டும். அதற்கு ஈடாகச் செவ்வாய்க்கிழமை ஒரு மணிக்குள் நாலு பேர் வந்து எந்த வகை ரத்தமானாலும் கொடுக்கவேண்டும். தவறினால் அடுத்த தேதி ஒன்றரை மாதம் கழித்துத்தான். அதற்குள் பெரிதாக ஒருமுறை கொட்டினால் என்ன ஆகும் என்று ரெஜிலா கேட்டாள். "செவ்வாய்க்கிழமையைத் தவறவிடாதீங்க" என்றார் டாக்டர்.

"நாலு பேரா? ஒரு வண்டி ஆளு கொண்டுட்டு வாறேன். நீ கரையாதே பிள்ளே" என்று அழுத ரெஜிலாவைத் தேற்றினாள் கூடப் போயிருந்த ஜெயபாய்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவில் அவள் எழுதிக் கொடுத்த அறிவிப்பைப் போதகர் வாசித்தார். செவ்வாய்க்கிழமை காலை அஸ்வந்துக்காக ரத்ததானம். அன்று காலை முதல் மாலை ஆறு மணி வரை அஸ்வந்துக்காக உபவாச ஜெபம். இரண்டும் ஒரே தாளில், அடுத்தடுத்த வரியில். சபை முழுக்க ஆமென் சொன்னது. ஒரு மண்டைக்குக்கூட உறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஜெயபாயையும் சேர்த்துப் பதினாலு பேர் அவள் வண்டியில் ஏறினார்கள். பாட்டும் ஜெபமுமாக நெய்யாற்றின்கரை தாண்டி, பதினோரு மணிக்கு ரத்த வங்கி வாசலில் இறங்கினார்கள்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள் நர்ஸ் பிரசீதா.

முதலில் நின்றவர் சபை மூப்பர் நேசையன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "பச்சத் தண்ணி குடிக்கல்ல. உபவாசமாக்கும்."

பிரசீதா பேனாவைக் கீழே வைத்தாள். அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும். கடைசியில் நின்றவர், அஸ்வந்தின் பக்கத்து வீட்டு டீக்கடைக்காரர் செல்லசாமி. சபைக்காரர் இல்லை. "நாலு தோசை, ஒரு பழம், ரெண்டு சாயா" என்றார் கூச்சத்தோடு. அவரை மட்டும் கல்யாண மாப்பிள்ளையைப்போல் உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள்.

"மத்தவங்க வெறும் வயித்துல கொடுத்தா மயங்கி விழுவீங்க. சாப்பிட்டுட்டு வாங்க. ஒரு மணி வரைதான்" என்று சொல்லிவிட்டாள் பிரசீதா.

ஜெயபாய் தலையில் அடித்துக்கொண்டாள். "எனக்க புத்தி எங்க போச்சு! நாந்தானே எழுதினேன்!"

நேசையன் அசையவில்லை. "ஆறு மணி வரைக்குன்னு ஆண்டவருக்கு வாக்குக் கொடுத்தாச்சு. நான் முறிக்கமாட்டேன்." மற்றவர்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூப்பர் தின்னாமல் யார் தின்பது?

இருபத்தாறு வருஷமாக ஒரு உபவாசத்தையும் முறிக்காதவள் ஜெயபாய். விறுவிறுவென்று எதிர்த்த ஓட்டலுக்குள் போய், பதிமூன்று பேருக்குப் புட்டும் கடலைக்கறியும் சொன்னாள். எல்லோரும் பின்னாலேயே வந்து உட்கார்ந்தார்கள், தொடவில்லை. முதல் தட்டை அவள் இழுத்து, பிசைந்து, எல்லோர் கண்ணும் பார்க்க வாயில் போட்டாள். இறங்கவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது. மென்று விழுங்கி இரண்டாவது கவளம் போட்டபோது கறி ருசியாக இருந்தது, அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டாள்.

"அண்ணே, ஆண்டவரு கேட்டா ஜெயபாய்தான் தின்ன வச்சான்னு சொல்லும். அந்தப் பிள்ளைக்க மூக்குல ரத்தம் ஒழுகினத நான் எனக்க கையால அமுக்கிப் பிடிச்சிருக்கேன். நீரு பாக்கல்ல. தின்னும் வேய்!"

நேசையன் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு கண்ணை மூடி ஜெபித்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். சும்மா சொல்லக்கூடாது, குழாய் குழாயாக மூன்று குற்றிப் புட்டு உள்ளே போனது.

ஒரு மணி அடிப்பதற்குள் ரத்தம் கொடுத்தவர்கள் எட்டுப் பேர். அதில் ஜெயபாயும் ஒருத்தி, நேசையனும் ஒருவர்.

வியாழக்கிழமை ஆபரேஷன் அறைக்கு வெளியே நாலரை மணி நேரம் ரெஜிலா சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஜெயபாய். டாக்டர் வெளியே வந்து, கட்டி முழுசாக வந்துவிட்டது, பையன் நன்றாக இருக்கிறான், மூன்று யூனிட் ஏற்றவேண்டி வந்தது என்றார்.

மூன்று யூனிட்! செல்லசாமி ஒருவர் கொடுத்ததோடு நின்றிருந்தால் என்று நினைத்துப் பார்த்தாள் ஜெயபாய். ரெஜிலா அவள் தோளில் விழுந்து அழுதாள். அத்தனை பேரை அதட்டிய ஜெயபாயும் வாய்விட்டு அழுதாள். அழுது முடித்துத்தான் ரெஜிலாவின் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். உதடு வெடித்து, கண் குழிந்து கிடந்தது.

"ஏ பிள்ளே, நீ என்னைக்கு மக்கா கடைசியா தின்னே?"

ரெஜிலா யோசித்தாள். "திங்களாழ்ச்சைன்னு நினைக்கியேன் அக்கா. தொண்டையில எறங்கல்ல."

"எந்திரி" என்று ஜெயபாய் அவள் கையைப் பிடித்து காண்டீனுக்கு நடத்திக்கொண்டு போனாள். சோற்றைப் பிசைந்து முதல் உருண்டையை அவளே ஊட்டினாள். அது இறங்கியது.